இருபது நிமிடக் கடல்

*மால்டாவின் கடற்குகைகளைக் காண உலகமே படகேறுகிறது. அந்தக் கரை எத்தனை பேரைத் தாங்கும்?*

காலை ஒன்பது மணி. மால்டாவின் தென்கரையில் வியெட் இஸ்-ஸுர்ரீ என்ற சின்னஞ்சிறு துறை. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் நுழைந்து வந்து நிற்கிறது. கரைச் சரிவில் நீலமும் மஞ்சளும் சிவப்பும் பூசிய படகுகள். டிக்கெட் வாங்கியவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். எட்டுப் பேர் ஏறியதும் படகு நிறைந்துவிடுகிறது. படகோட்டி கரையில் நிற்பவரிடம் மால்டீஸ் மொழியில் ஏதோ கத்திச் சொல்கிறார். பிறகு பயணிகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், “கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்.

துறையின் வாயைத் தாண்டியதும் அலை படகைத் தூக்கிப் போடுகிறது. ஒரு சிறுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். செங்குத்தான வெள்ளைப் பாறையை ஒட்டியே படகு போகிறது. திடீரென்று ஒரு திருப்பம். முப்பது மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கும் கல் வளைவு. அதன் கீழே நுழைந்ததும் இன்ஜின் சத்தம் அடங்குகிறது. நீர் கருநீலத்திலிருந்து பளீரென்ற நீலத்துக்கு மாறுகிறது. நீர்மட்டத்தை ஒட்டிய பாறையில் ஆரஞ்சும் ஊதாவும் படர்ந்திருக்கின்றன. படகில் யாரும் பேசவில்லை. அடுத்த குகை, அதற்கடுத்த குகை என்று போய், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் படகு கரைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த எட்டுப் பேர் ஏறுகிறார்கள்.

‘ப்ளூ க்ரோட்டோ’ என்று உலகம் அறிந்த இடம் இது. மத்தியதரைக் கடலின் தீவுகளில் இப்படிப்பட்ட குட்டிப் பயணங்கள் நிறைய உண்டு. ஒரு வழிகாட்டி, ஒரு சிறு படகு, அரை மணி நேரத்துக்கும் குறைவான சுற்று. ஆனால் அதே நாட்டின் இன்னொரு கரையில், ஆயிரக்கணக்கானோரை ஏற்றிவந்த பெரும் படகுகள் ஒரு குட்டிக் காயலை மூச்சுத்திணற வைத்தன. கோபம் கொண்ட உள்ளூர் மக்கள் போராட, 2025-ல் அரசே தலையிட்டு ஆள்கணக்கு வைக்க வேண்டியதாயிற்று.

ஒரே நாடு, ஒரே கடல். ஒரு பயணம் கரையைக் காக்கிறது, இன்னொன்று அரிக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

■ பெட்டிச் செய்தி: மால்டா ஒரு பார்வை

• இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே உள்ள தீவு நாடு. மால்டா, கோஸோ, கோமினோ ஆகியவை முக்கியத் தீவுகள்.
• மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்.
• மக்கள்தொகை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நாடு.
• 2024-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல்.
• ஆட்சிமொழிகள் மால்டீஸ், ஆங்கிலம். நாணயம் யூரோ.

கல்லின் கதை

இந்தக் குகைகளைப் புரிந்துகொள்ள, முதலில் கல்லைப் பார்க்க வேண்டும். மால்டா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். ப்ளூ க்ரோட்டோ குடையப்பட்டிருப்பது அடியில் உள்ள மிகப் பழைய அடுக்கில். இரண்டே கால் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கடலடியில் உயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகியது அது. கடினமான கல்தான். ஆனாலும் விரிசல் விழுந்த இடத்தில் அலை புகுந்து, ஆண்டாண்டாக அடித்து அடித்துக் குடைந்துவிட்டது.

நீருக்கு அந்த நிறத்தைத் தருவதில் இந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு. குகைக்குள் விழும் சூரிய ஒளி தெளிந்த நீரில் இறங்குகிறது. ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய நீலம் வெளிறிய அடித்தளத்தில் பட்டு மேலே வருகிறது. வெயில் குகைக்குள் சாயும் காலை நேரத்தில் இந்த வித்தை உச்சத்தில் இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மதியத்துக்கு முன்பே படகேறுகிறார்கள்.

படகிலிருந்து தெற்கே பார்த்தால், கடலில் தனியாக ஒரு பாறைத் தீவு தெரியும். பெயர் ஃபில்ஃப்லா. பிரிட்டிஷ் படைகள் அதைக் குண்டு எறிந்து பழகும் இலக்காக வைத்திருந்தன. 1971-ல்தான் அந்தப் பழக்கம் நின்றது. 1988-ல் அது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பறவைகள் கூடு கட்டும் அந்தப் பாறையில் உள்ள பல்லியின் உள்ளினம் உலகில் வேறெங்கும் கிடையாது. இன்று அனுமதியில்லாமல் யாரும் அங்கே கால் வைக்க முடியாது. குண்டு வீசிய இடத்தைக்கூடக் காப்பாற்றிக்கொடுக்க முடியும் என்பதற்கு அந்தத் தீவே சாட்சி.

ட்வெய்ரா: விழுந்த ஜன்னல்

இரண்டாவது பயணம் கோஸோ தீவின் மேற்குக் கரையில். மால்டாவின் சிர்கெவ்வா துறையிலிருந்து ஃபெர்ரியில் இருபத்தைந்து நிமிடம் போனால் கோஸோ. அங்கிருந்து ட்வெய்ரா போக வேண்டும்.

இங்கே கடலுக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. உப்புநீர்க் குளம். சுற்றிலும் மலைச்சுவர், கரையில் மீனவர்களின் படகுக் கொட்டகைகள். ‘உள்நாட்டுக் கடல்’ என்று இதை அழைக்கிறார்கள். குளத்திலிருந்து சிறு படகு கிளம்பி, மலையைக் குடைந்துகொண்டு போகும் எண்பது மீட்டர் அளவுள்ள இருண்ட சுரங்க வழியில் நுழைகிறது. மறுமுனையில் வெளிச்சம் சின்னப் புள்ளியாகத் தெரிந்து, பெரிதாகி, சட்டென்று திறந்த கடல். கால் மணி நேரப் பயணம். மத்தியதரைக் கடலில் இதற்கு நிகரான கால் மணி நேரங்கள் அதிகம் இருக்க முடியாது.

2017 வரை இந்தப் பயணிகள் பார்க்க ஏங்கிய காட்சி ‘அஸூர் விண்டோ’. கடலில் கால் ஊன்றி நின்ற, 28 மீட்டர் உயரக் கல் ஜன்னல். 2011-ல் வெளிவந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் தோன்றியபின் அது உலகப் புகழ் பெற்றது. படகில் வந்து பார்த்தவர்கள் போதாதென்று, படம் எடுத்துக்கொள்ள வளைவின் மேலேயே ஏறி நடந்தவர்களும் உண்டு. 2016 இறுதியில் அரசு அதற்கு அபராதம் அறிவித்தது. முன்னதாக 2013-ல் நடந்த ஆய்வொன்று, வளைவு உடனே விழும் ஆபத்தில் இல்லை என்று சொல்லியிருந்தது.

2017 மார்ச் 8. பெரும் புயல். காலையில் அலைகள் வளைவின் அடியில் மோதிக்கொண்டிருந்தன. வளைவும் அதைத் தாங்கிய தூணும் ஒன்றாகக் கடலில் சரிந்தன. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் நாடே துக்கம் கொண்டாடியது. அன்றைய பிரதமர் ஜோசப் மஸ்கட், நெஞ்சை நொறுக்கும் செய்தி என்று வருந்தினார். அந்த இடத்தில் கண்ணாடிபோல் மின்னும் எஃகு அமைப்பொன்றை எழுப்பலாம் என்று ஒரு ரஷ்யக் கட்டடக் கலைஞர் யோசனையும் சொன்னார். அது எழும்பவில்லை. நல்லவேளை.

ஏன் நல்லவேளை? ட்வெய்ராவின் நிலத்தை உற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த உள்நாட்டுக் கடலே ஒரு சரிவில் பிறந்ததுதான். சுண்ணாம்புக்கல் அடியில் கரைந்து, மேல்தளம் இடிந்து விழுந்து, பள்ளத்தில் கடல் புகுந்தது. எந்தச் சிதைவால் இந்தக் கரை அழகானதோ, அதே சிதைவின் அடுத்த கட்டம்தான் ஜன்னல் விழுந்தது. விழுந்த பாறைகள் இன்று கடலடியில் புது வாழிடமாகி, முக்குளிப்பவர்களை ஈர்க்கின்றன. அங்கே எஃகை நட்டிருந்தால், உயிருள்ள ஒரு கரையை நாமே கண்காட்சிப் பொருளாக்கியிருப்போம்.

ஜன்னல் போனபின்னும் ட்வெய்ராவின் படகுகள் நிற்கவில்லை. ஒரே காட்சியை நம்பிப் பிழைக்கும் பயணம், அந்தக் காட்சி மறைந்த நாளில் முடிந்துவிடும். ஒரு கரையை முழுதாகக் காட்டத் தெரிந்த படகோட்டிக்கு அந்தப் பயம் இல்லை. சுரங்க வழியில் நீர் நிறம் மாறும் இடம், முதலை போலப் படுத்திருக்கும் பாறை, கடலில் எழுந்து நிற்கும் காளான் பாறை என்று அவரிடம் காட்ட நிறைய இருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: காவல் காத்த பாறை

ட்வெய்ராக் கரையெதிரே நிற்கும் காளான் பாறையில் ஒருவகைச் செந்நிறத் தாவரம் வளர்ந்தது. பெயரில் காளான் இருந்தாலும் அது காளான் அல்ல. பிற செடிகளின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணித் தாவரம். இரத்தப்போக்கை நிறுத்தும், வயிற்றுக்கடுப்பைத் தீர்க்கும் என்று நம்பிய, அன்று மால்டாவை ஆண்ட வீரத்துறவிகள் சபை, அதைப் பொக்கிஷமாகக் காத்தது. ஏறி வர முடியாதபடி பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழவழப்பாக்கினார்கள். கரையிலிருந்து கயிற்றில் ஓடும் கூடையில் போய்ப் பறித்தார்கள். 1746-ல் சபைத் தலைவர் பின்டோ தனிக் கட்டளையே போட்டார். அத்துமீறிப் பறித்தவர்களுக்குத் துடுப்புக் கப்பலில் மூன்றாண்டு அடிமைத் தண்டனை. இன்று அந்தப் பாறை இயற்கைக் காப்பகம்.

கோமினோ: நிரம்பி வழிந்த காயல்

மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். மால்டாவுக்கும் கோஸோவுக்கும் இடையே, சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டரில் கோமினோ. 1618-ல் கட்டிய ஒரு காவல் கோபுரம், கல்லும் புதரும், விரல்விட்டு எண்ணக்கூடிய குடியிருப்பாளர்கள். கார்கள் நிறைந்த மால்டாவிலிருந்து தப்பிக்க நினைப்பவர்களுக்கு அது சொர்க்கம். ஐரோப்பாவின் ‘நேச்சுரா 2000’ காப்பிட வலையமைப்பிலும் பறவைச் சரணாலயப் பட்டியலிலும் உள்ள தீவு.

கோமினோவுக்கும் அதன் பக்கத்துக் குட்டித் தீவுக்கும் நடுவே ‘ப்ளூ லகூன்’. வெண்மணல் அடியில் இடுப்பளவு நீர், கண்ணைப் பறிக்கும் பசுநீலம். ஒருமுறை படம் பார்த்தவர்கள் போகாமல் இருக்க மாட்டார்கள். அதுதான் வினையானது.

ஸ்லீமா, புஜிப்பா போன்ற துறைகளிலிருந்து நாள் முழுக்கச் சுற்றும் பெரும் படகுகள் கிளம்புகின்றன. கோடையின் உச்சத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் காயலின் வாயில் வந்து நின்றன. கரையில் உட்காரக்கூட இடமில்லாத பாறை விளிம்பில் வாடகை நாற்காலிகளும் குடைகளும். அன்னாசியைக் குடைந்து அதில் ஊற்றிக் கொடுக்கும் பானங்கள். குடித்தபின் வீசிய ஓடுகள். படகுகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. மால்டாக் குடும்பங்கள் தங்கள் சொந்தக் காயலுக்கே போவதை விட்டன.

2022 மே மாதம், மொவிமென்ட் கிராஃபிட்டி என்ற அமைப்பின் தொண்டர்கள் காலையிலேயே கரையில் இறங்கி வாடகை நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். பொதுக் கரை பொதுமக்களுக்கே என்பது அவர்கள் முழக்கம். அதன்பிறகுதான் விவாதம் சூடு பிடித்தது. 2025 கோடையில் அரசு புது முறை கொண்டுவந்தது. காயலுக்கு வர முன்கூட்டியே நேரம் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. வந்ததும் கையில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை.

நல்ல தொடக்கம். ஆனால் அந்தச் சின்னக் காயலுக்கு 4,000 என்பதும் சிறிய எண் அல்ல. ஆள்கணக்கு எடுப்பது மட்டும் காப்பாற்றாது. வருபவர்கள் எப்படி வருகிறார்கள், எதில் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீருக்கடியில் நடப்பது

இந்தக் கூட்டத்தின் விலையைக் கரையில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி நீருக்கடியில்.

மத்தியதரைக் கடலின் ஆழம் குறைந்த பகுதிகளில் பொசிடோனியா என்ற கடற்புல் பரந்த வயல்களாக வளர்கிறது. குஞ்சுமீன்கள் அதில்தான் ஒளிந்து வளர்கின்றன. அலையின் வேகத்தைத் தணித்து மணலைப் பிடித்து வைப்பதும் அதுதான். உதிர்ந்த இலைகள் கரையில் குவிந்து அரிப்பைத் தடுக்கின்றன. இந்தப் புல் பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு பெரும் படகின் நங்கூரம் சில நிமிடத்தில் கிழித்த இடத்தை மூட, பல பத்தாண்டுகள் பிடிக்கும். மிதவையில் படகைக் கட்டும் ஏற்பாடு இருந்தால் இந்தச் சேதம் பெருமளவு குறையும்.

வானத்திலும் பாதிப்பு உண்டு. யெல்குவான் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் உலகத் தொகையில் பத்தில் ஒரு பங்குவரை மால்டாவின் பாறைக் குகைகளில் கூடு கட்டுகிறது. இருட்டில்தான் அது கூட்டுக்குத் திரும்பும். முதல்முறை பறக்கும் குஞ்சுகள் செயற்கை வெளிச்சத்தில் திசை தடுமாறிக் கரையில் விழுந்துவிடுகின்றன. குகையின் முன்னே இரவில் விளக்கும் பாட்டுமாக ஒரு படகு நிற்பது பயணிக்குக் கொண்டாட்டம்; அந்தக் குஞ்சுக்கு அதுவே முடிவு.

தரையில், கூட்டம் மிதித்த இடத்தில் புதர் போகிறது, பிறகு மண் போகிறது, கடைசியில் வெறும் கல் மிஞ்சுகிறது.

படகோட்டியின் பங்கு

மால்டாவின் மரபுப் படகு லுட்சு. கூர்ந்த முகப்பு, அழுத்தமான வண்ணங்கள், முகப்பின் இருபுறமும் கடலைப் பார்க்கும் இரண்டு கண்கள். மார்சஷ்லோக் துறையில் இன்றும் அவை வரிசையாக மிதப்பதைப் பார்க்கலாம். ஆனால் மரப் படகை வைத்துப் பிழைப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது. 2021-ல் வெளிவந்த ‘லுட்சு’ திரைப்படம் இந்த நெருக்கடியைத்தான் பேசியது. அதில் நடித்த ஜெஸ்மார்க் ஷிக்லூனா நிஜ மீனவர். சன்டான்ஸ் திரைவிழாவில் நடிப்புக்கான சிறப்பு விருது பெற்றார்.

இந்த இடத்தில்தான் குட்டிப் பயணத்தின் மதிப்பு புரிகிறது. ப்ளூ க்ரோட்டோவிலும் ட்வெய்ராவிலும் பயணி கொடுக்கும் பணம் அந்தத் துறையிலேயே தங்குகிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்தக் குகைக்குள் போகக் கூடாது என்பது படகோட்டிக்குத் தலைமுறை அறிவு. தெற்கிலிருந்து அலை எழும் நாளில் ப்ளூ க்ரோட்டோ படகுகள் கிளம்புவதே இல்லை. பயணிக்கு அது ஏமாற்றம். ஆனால் கடல் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் தொழில்தான் நீடிக்கும்.

சிறு படகும் டீசல் புகைக்கிறது, சத்தம் போடுகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் அளவே அதற்குக் கடிவாளம். எட்டுப் பேர் மட்டுமே ஏறலாம். குகையின் வாய் அனுமதிக்கும் அகலம் மட்டுமே நுழையலாம். கூட்டம் கூடினால் வரிசை நீளுமே தவிர, கடலில் ஆள் பெருகாது. பெரும் படகு அப்படியல்ல. இடம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல், படகு எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தே ஆளை இறக்குகிறது.

■ பெட்டிச் செய்தி: மற்ற தீவுகளின் விதிகள்

• காப்ரி, இத்தாலி: நீலக் குகையின் வாய் நீருக்கு மேல் ஒரு மீட்டர் அளவே. துடுப்புப் படகில் படுத்தபடிதான் உள்ளே போக முடியும். கடல் கொந்தளித்தால் குகை மூடப்படும்.
• சார்டீனியா, இத்தாலி: புதெல்லித் தீவின் இளஞ்சிவப்பு மணற்கரையில் 1990-களிலிருந்தே யாரும் இறங்கக் கூடாது. லா பெலோசா கடற்கரையில் கோடையில் நாளுக்கு 1,500 பேருக்கே அனுமதி. முன்பதிவும் கட்டணமும் உண்டு.
• ஸாகிந்தோஸ், கிரீஸ்: உடைந்த கப்பல் கிடக்கும் நவாயோ கடற்கரையில் 2018-ல் பாறை சரிந்து சிலர் காயமடைந்தார்கள். பின்னர் நேர்ந்த சரிவுகளால் கரையில் இறங்கத் தடை வந்தது. படகிலிருந்து தள்ளி நின்றே பார்க்க முடியும்.
• சான்டோரினி, கிரீஸ்: சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு நாளுக்கு 8,000 என்ற உச்சவரம்பு 2025-ல் வந்தது.

நாம் செய்ய வேண்டியது

ஷெங்கன் விசா எடுத்து, விமான டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்து, வாழ்நாளில் ஒருமுறை போகிறவரிடம் ‘போகாதே’ என்று சொல்வது நியாயமல்ல. சொல்லவும் வேண்டாம். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்தால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல காலம். ப்ளூ க்ரோட்டோவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். படகு ஓடாத நாளில் வருந்த வேண்டாம். மேலே சாலையோரக் காட்சி மேடையிலிருந்து அந்த வளைவு முழுதாகத் தெரியும். அருகிலேயே ஹஜார் இம், ம்னைட்ரா கற்கோயில்கள் இருக்கின்றன. எகிப்தின் பிரமிடுகளைவிட மூத்தவை அவை. அரை நாள் கொடுக்கலாம்.

கோமினோவுக்குப் போவதாக இருந்தால் பதிவு செய்த நேரத்தில் சிறு படகில் போங்கள். காயலில் ஒரு குளியல் போட்டுவிட்டு, கோபுரம் வரை நடந்து பாருங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். நங்கூரம் எங்கே போடுவீர்கள் என்று படகு நிறுவனத்திடம் பதிவு செய்யும்போதே கேளுங்கள். நூறு பேர் கேட்டால் நிறுவனம் யோசிக்கும். ஆயிரம் பேர் கேட்டால் மாறும்.

அரசுகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று ஆண்டுதோறும் பெருமைப்படுவதை நிறுத்த வேண்டும். கரைக்கு ஏற்ற எண்ணிக்கையை அறிவியலாளர்களும் அந்தத் துறையின் படகோட்டிகளும் சேர்ந்து வகுக்கட்டும். அதைக் கோடைதோறும் மீளாய்வு செய்து வெளிப்படையாக அறிவிக்கட்டும். மீறும் படகின் உரிமம் பறிக்கப்பட வேண்டும். கையில் பட்டை கட்டுவது பயணியைக் கட்டுப்படுத்தும். படகு முதலாளியைக் கட்டுப்படுத்துவது உரிமம்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு செடிக்காக ஒரு பாறையையே காவல் காத்தது மால்டா. அன்று காத்தது தனக்கு மட்டுமே வேண்டும் என்ற ஆசையில். இன்று காக்க வேண்டியிருப்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அப்படிக் காத்தால், விமானம் ஏறும் வசதி இன்னும் வராத குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஒருநாள் அந்த நீலம் மிச்சமிருக்கும். இப்போது போகிறவர்கள் செய்யும் தேர்வில்தான் அது இருக்கிறது.